சமையல் கலைச்சொல்: ‘பதிலி’, அதற்குள் இரண்டு வகை (டிராமிசுவை முன்வைத்து)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

சமையல் குறிப்பில் சொன்ன பொருள் கிடைக்காதபோது அதன் இடத்தில் சேர்க்கும் வேறொரு பொருளுக்கு என்ன பெயர் என்று அக்கா தொடங்கிய இழைக்கு இந்த மடல். மாற்றுப்பொருள், ஈடுபொருள், பிரதியீடு, பதிலி என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. அக்கா எழுதிக்கொண்டிருப்பது டிராமிசு (காபியில் தோய்த்த பிஸ்கட்டையும் முட்டை சேர்த்த மஸ்கார்போனே கிரீமையும் அடுக்கிச் செய்யும் இத்தாலிய இனிப்பு) குறிப்பு என்பதால் அதிலேயே வைத்து இவற்றை உரசிப் பார்த்தேன். அதற்குத் தேவையானவற்றில் பலவும் நம் ஊர் மளிகைக் கடையில் இருக்காது. இருந்தாலும் விலை கையைக் கடிக்கும்.

> ஈடுபொருள் நல்ல தமிழ். ஒன்றின் இடத்தை இன்னொன்று ஈடுகட்டுகிறது என்ற பொருளும் துலங்குகிறது.

சொல் அழகுதான் ஐயா. ஆனால் உழவர்களிடம் விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் ‘இடுபொருள்’. ஒரு குறில் நெடிலில் வேறுபடும் இரண்டு சொற்களை அச்சில் தினமும் பிரித்துக்காட்ட வேண்டியிருக்கும். கடனுக்கு வைக்கும் நகையும் ஈடுதான். போதாக்குறைக்குச் சமையலறையிலேயே அந்தச் சொல்லுக்கு ஆள் இருக்கிறது: “இன்னும் ஒரு ஈடு இட்லி ஊத்து” என்று சொல்லாத வீடு உண்டா? வேறு துறையோடு மோதினால் பொறுத்துக்கொள்ளலாம். அடுப்படியிலேயே மோதுகிற சொல்லைச் சமையலுக்கு எடுக்க எனக்கு மனமில்லை.

> நாங்கள் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியலில் பிரதியீட்டுத் தாக்கம் என்றுதான் படித்தோம். அதையே பாவித்தால் என்ன?

தமிழ்நாட்டுப் பாடநூலில் அதுவே பதிலீட்டு வினை. இரண்டும் செயலின் பெயர்கள். நமக்கு வேண்டியது சட்டியில் விழும் பொருளின் பெயர். பிரதியீட்டுப் பொருள், பதிலீட்டுப் பொருள் என்று நீட்டினால் பொருள் சரியாக வரும், ஆனால் ஒரு குறிப்பில் ஏழெட்டு முறை எழுத நேர்ந்தால் கை சலித்துவிடும். பதிலி சின்னச் சொல். பதிலியாக, பதிலிகள், பதிலியில்லாத என்று எந்த ஒட்டும் தடையில்லாமல் ஏறுகிறது. இலங்கை நண்பர்களுக்கும் கேட்டவுடன் புரியும் என்றே நம்புகிறேன். ஆகவே அடிச்சொல் பதிலியாக இருக்கட்டும்.

இனி நான் சொல்ல வந்தது. பதிலி என்று மட்டும் எழுதி நிறுத்தினால் குறிப்பைப் படிப்பவருக்குப் பாதி உதவிதான் கிடைக்கும். மஸ்கார்போனே (பாலேட்டைத் திரியவிட்டு வடித்த இத்தாலியக் கெட்டிக் கிரீம்) இல்லையா, வடிகட்டிய தயிர் சேர்க்கலாம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் கெட்டியாக இருக்கும், கரண்டியில் நிற்கும், அடுக்காகப் பரப்பவும் வரும். வாயில் வைத்தால் புளிக்கும். மஸ்கார்போனே துளியும் புளிக்காது, பாலேட்டின் இனிப்போடு வெண்ணெயாக இழையும். அப்படியானால் தயிர் எதற்குப் பதிலி? பதத்துக்குப் பதிலி, சுவைக்கு இல்லை.

பதம் என்ற சொல் நம் அடுப்படியில் எவ்வளவு வேலை செய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கம்பிப் பதம், உருட்டுப் பதம், மாவு பதம். தொட்டும் பார்த்தும் கண்டுகொள்ளும் நிலை எல்லாமே பதம்தான். அதை வைத்து ‘பதப்பதிலி’, ‘சுவைப்பதிலி’ என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு.

மற்ற பொருள்களையும் இதில் ஓட்டிப் பார்ப்போம். எஸ்பிரெஸ்ஸோவுக்கு நம் ஃபில்டர் டிகாக்ஷன் அருமையான சுவைப்பதிலி. எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் இறக்குகிறது, நம் ஃபில்டரில் தானாகச் சொட்டுகிறது. அழுத்தத்தால் மேலே வரும் நுரை டிராமிசுவில் எதற்கும் பயன்படுவதில்லை. பிஸ்கட்டுக்குள் போகப்போவது கசப்பும் மணமும்தான், அவை முதல் டிகாக்ஷனில் தாராளமாக இருக்கின்றன. சிக்கரி கலந்த தூளானால் கருகிய சர்க்கரையின் வாடை கொஞ்சம் கூடும், அதனால் சிக்கரி இல்லாத தூளைப் போடச் சொல்வேன். ஆற வைத்துவிட்டுத் தோய்க்க வேண்டும்.

பிஸ்கட்டில்தான் உண்மையான சிக்கல். சவோயார்தி என்பது முட்டையை நுரைக்க அடித்து, விரல் நீளத்துக்குப் பிழிந்து சுட்ட காற்றோட்டமான பிஸ்கட். காபியில் போட்டவுடன் எடுத்துவிட வேண்டும், அதற்குள் குடித்துவிடும். பேக்கரி ரஸ்க் அப்படியில்லை. அதன் இழை நெருக்கம். வெளிப்பக்கம் கூழாகும்போதும் நடுவில் நறநறவென்று ஒரு வரி மிச்சமிருக்கும், ஏலக்காய் போட்ட ரஸ்க் என்றால் மணமும் திசைமாறும். மாரி பிஸ்கட் சுவையில் தொல்லை தராது, ஆனால் ஊறினால் தட்டையாக ஒட்டிக்கொள்ளும், அடுக்குக்கு உயரம் வராது. கிரீம் பூசாத வெறும் ஸ்பாஞ்ச் கேக்கை விரல் அகலத்துக்கு நறுக்கி, மிதமான சூட்டில் ஓவனில் வைத்து ஈரம் போக உலர்த்தினால் பதமும் சுவையும் இரண்டுமே கிட்டத்தட்ட வந்துவிடுகின்றன. அதை ‘முழுப்பதிலி’ என்று துணிந்து எழுதலாம்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு, நுரைக்க அடித்த முட்டையின் இடத்தில் அடித்த கிரீம் பதப்பதிலி. இங்கே கொழுப்பு அளவைச் சொல்லாமல் விடக்கூடாது. சின்னப் பெட்டிகளில் வரும் ஃபிரெஷ் கிரீமில் 25 விழுக்காடு அளவுக்குத்தான் கொழுப்பு இருக்கும். எவ்வளவு அடித்தாலும் அது நிமிர்ந்து நிற்காது, குறைந்தது 30, நன்றாக நிற்க 35 வேண்டும். பெயர் ஒன்றுதானே என்று வாங்கிவிட்டு ஏமாறுபவர்களுக்காகவே ‘பதப்பதிலி’ என்ற பிரிவு தேவைப்படுகிறது.

> வீட்டிலேயே கிரீமில் எலுமிச்சை விட்டுச் செய்வதும் பதிலிதானே?

இதை மறுக்கிறேன். இத்தாலியின் லொம்பார்தி வட்டாரத்தில் மஸ்கார்போனே செய்யும் முறையே அதுதான்: பாலேட்டை 85 முதல் 90 பாகை வரை சூடாக்கி, அமிலம் சேர்த்துத் திரியவிட்டு, துணியில் வடிப்பது. சிட்ரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ, வேலை ஒன்றுதான். சீஸுக்கு உறையூட்டும் ரென்னெட் இதில் கிடையாது. கொழுப்பு மிகுந்த கிரீமை அடி கனமான பாத்திரத்தில் காய்ச்சி, சாறு விட்டுக் கிளறினால் சற்று நேரத்தில் கரண்டியின் முதுகில் கெட்டியாகப் படியும். ஆறியபின் துணியில் ஊற்றி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வடியவிட்டால் மஸ்கார்போனே தயார். அதுவே அந்தப் பொருள், அதைப் பதிலி என்பது தவறு. ‘வீட்டு மஸ்கார்போனே’ என்று எழுதுவோம். ரென்னெட் சேராததால் இதற்குப் பாலாடைக்கட்டி என்ற பெயரும் பொருந்தாது என்பது என் எண்ணம். தனி இழையில் பேசலாம்.

மதுவைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ரம், மார்சாலா (இத்தாலிய இனிப்பு ஒயின்) இரண்டும் பின்னால் வந்து சேர்ந்த பழக்கம். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் வெனெத்தோ வட்டாரத்தில் உள்ள திரெவிசோ நகரில், லெ பெக்கெரியே உணவகத்தில் பரிமாறிய டிராமிசுவில் மது இல்லை. (பக்கத்து ஃப்ரியூலி வட்டாரமும் உரிமை கோருகிறது. 2017இல் இத்தாலிய வேளாண் அமைச்சகத்தின் மரபு உணவுப் பட்டியலில் ஃப்ரியூலியின் பெயரில் அது இடம்பெற்றதும் வெனெத்தோக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.) மூலத்தில் இல்லாததற்குப் பதிலி தேட வேண்டியதில்லை. ஆரஞ்சுச் சாறு, ரம் எசன்ஸ் என்று குறிப்பில் போட்டிருப்பதை அக்கா எடுத்துவிடலாம்.

பதம் என்றால் சொல் என்றும் பொருள் உண்டே என்று இலக்கண அன்பர்கள் கேட்கக்கூடும். சமையல் குறிப்பில் அந்தக் குழப்பம் வர வழியில்லை. ‘பதப்படுத்திய’ என்பதோடு காதில் இடறுகிறது என்றால் ‘பதத்துக்குப் பதிலி’ என்று பிரித்தே எழுதலாம், எனக்கு இரண்டும் சம்மதம்.

அகராதிப் பதிவுக்கு வரைவு இது. திருத்தி எழுதுங்கள்:

பதிலி: குறிப்பிட்ட பொருள் இல்லாதபோது அதன் இடத்தில் சேர்க்கப்படும் வேறு பொருள். சுவைப்பதிலி: சுவையும் மணமும் ஒத்தது, எ.கா. எஸ்பிரெஸ்ஸோவுக்கு டிகாக்ஷன். பதப்பதிலி: கெட்டித்தன்மை, உறிஞ்சும் தன்மை முதலியவை ஒத்தது, சுவை மாறும், எ.கா. மஸ்கார்போனேக்கு வடித்த தயிர். முழுப்பதிலி: இரண்டும் ஒத்தது, எ.கா. சவோயார்திக்கு உலர்த்திய ஸ்பாஞ்ச் கேக்.

மாற்றுப்பொருள் என்பதை, சேர்த்தால் உணவே வேறாகிவிடும் பொருளுக்கு விட்டுவைக்கலாம். மாம்பழக் கூழும் ஏலக்காயும் போட்டுச் செய்வதை அந்தத் தலைப்பில் சேர்க்கலாமா என்று அக்காதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்