டேக் ஃபைவ்: இரண்டு கையும் சேர்ந்தால் தாளம் தப்புகிறது, உதவுங்கள்

காட்பாடி கீபோர்டு:
வணக்கம். சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ என்ற இசை மேல் பெரிய ஆசை. எங்கள் பக்கம் கிரேடு தேர்வுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது, ஜாஸுக்குக் கிடைக்கவில்லை.

திரும்பத் திரும்ப வரும் அந்த இரண்டு கார்டு (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு) இடது கையில் தனியாக வருகிறது. மெட்டும் வலது கையில் தனியாக வருகிறது. சேர்த்தால் சில சுற்றுக்குள் கார்டு மாறும் இடம் தப்பிவிடுகிறது. ஐந்து எண்ணிக்கைதானே, கர்நாடக இசையின் கண்ட சாபு தாளம் போடு என்றார் தெரிந்தவர். ‘தக தகிட’ சொல்லிக்கொண்டு வாசித்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அப்புறம், ஆறு ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கிய ஸ்வரங்கள்) இருப்பதால், கீபோர்டே சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானைப் போட்டு ஈ மைனரில் வாசிக்கலாமா?

ஆரணி லயம்:
தம்பி, எண்ணிக்கை சரி, பிரிப்புதான் வேறு. கண்ட சாபு 2+3. இந்தப் பாட்டு 3+2. ‘தகிட தக’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று அடிக்கு ஈ ஃபிளாட் மைனர், நான்காம் அடியில் பி ஃபிளாட் மைனர் 7. நீங்கள் ‘தக தகிட’ சொல்லும்போது மூன்றாம் அடியிலேயே கை மாறத் துடிக்கும். தப்புகிற இடம் அதுதான்.

கட்டையைத் தொடாமல் தொடங்குங்கள். ஒன்றாம் அடியிலும் நான்காம் அடியிலும் தொடையில் தட்டிக்கொண்டு மெட்டை வாயால் பாடுங்கள். பாட வந்துவிட்டால் கைக்கும் வந்துவிடும். தாளம் தட்டும் மெட்ரோநோமில் நிமிடத்துக்கு 80 அடி போதும். அசல் வேகம் ஏறத்தாழ 170, அதற்கு இப்போது அவசரமே இல்லை. ஜாஸின் ஸ்விங் நடை என்பதால் ஒவ்வொரு அடியின் முதல் பாதி நீளம், இரண்டாம் பாதி குட்டை. அடியைத் திஸ்ரமாக, அதாவது மூன்று பங்காக, நினைத்து ‘தகிட’வில் முதலும் மூன்றும் மட்டும் வாசித்தால் கிட்டத்தட்ட அந்த நடை வரும்.

இந்தக் குழு 1958இல் இந்தியாவுக்கு வந்து சென்னையிலும் வாசித்தது, மறு வருடம்தான் டேக் ஃபைவ் உள்ள ‘டைம் அவுட்’ ஆல்பம் பதிவானது. அதை வைத்து டேக் ஃபைவ் நம்மிடமிருந்து போனது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிரம்மர் ஜோ மோரெல்லோ 5/4இல், அதாவது சுற்றுக்கு ஐந்து அடியில், வாசித்துக்கொண்டிருந்த தாளத்துக்கு சாக்ஸபோன் (சாக்ஸ்) கலைஞர் பால் டெஸ்மண்ட் எழுதிய மெட்டு அது.

வாலாஜா பியானோ:
ஆரணி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அசலில் மெட்டு சாக்ஸில் வரும், புரூபெக் இரண்டு கையாலும் அந்தக் கார்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் வேலையை நீங்கள் ஒருவராகச் செய்கிறீர்கள், தடுமாறுவது இயல்பு. அதனால் இடது கையைக் குறையுங்கள். ஒன்றில் ஈ ஃபிளாட், நான்கில் பி ஃபிளாட், வெறும் பேஸ் (கீழ்ஸ்தாயி ஒற்றை ஸ்வரம்) மட்டும். நிலைத்த பிறகு கார்டைச் சேர்க்கலாம்.

டிரான்ஸ்போஸ் வேண்டாம். ஈ மைனரில் பெரும்பாலும் வெள்ளைக் கட்டையாக வரும், சுலபம்தான். ஆனால் அந்தப் பொத்தான் இல்லாத நிஜப் பியானோவில் உட்கார்ந்தால் கை நின்றுவிடும். ஈ ஃபிளாட்டை ஸா என்று வைத்து ஐந்து கறுப்புக் கட்டைகளையும் வரிசையாக வாசியுங்கள். ஸ க ம ப நி, நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள்! மெட்டின் பெரும்பகுதி அதிலேயே ஓடும், நடுவில் ஏ நேச்சுரல் (ஏ வெள்ளைக் கட்டை) தொட்டுப் போகும். ஆறு ஃபிளாட் என்று எண்ணிப் பயப்படாமல் விரல்களைக் கட்டையின் உள்பக்கம் தள்ளி வையுங்கள்.

பயிற்சிக்கு 5 நிமிடம் 24 விநாடி ஓடும் முழுப் பதிவையே போடுங்கள், சிங்கிளாக வந்தது சுருக்கம். டிரம் சோலோவிலும் பியானோ அந்தக் கார்டுகளை விடாமல் வாசிக்கும். அங்கே கூடவே வாசியுங்கள். மோரெல்லோ எங்கே போனாலும் உங்கள் நான்காம் அடி அசையக் கூடாது.

காட்பாடி கீபோர்டு:
அண்ணா, அக்கா, மிக்க நன்றி. ‘தகிட தக’ சொன்னதுமே கார்டு மாறும் இடம் பிடிபட்டது. மெதுவாகத்தான், ஆனால் சேர்ந்து வருகிறது. நடுப்பகுதியில் சி ஃபிளாட் மேஜர் 7 என்று போட்டிருக்கிறது. அப்படி ஒரு கட்டையே இல்லையே?

வாலாஜா பியானோ:
கீபோர்டில் அது பி கட்டைதான். ஈ ஃபிளாட் மைனர் ஸ்கேலில் எழுதுவதால் சி ஃபிளாட் என்று வரும். நீங்கள் ஏற்கெனவே பிடிக்கும் ஈ ஃபிளாட் மைனரின் மூன்று கறுப்புக் கட்டைகளை அப்படியே வைத்து, கீழே பி கட்டையைச் சேருங்கள். அவ்வளவுதான் அந்தக் கார்டு.