காலங்காத்தால அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணாதடா

சனி, காலை 5:52

அக்கா: யார்ரா அது

அக்கா: டேய் உன்னத்தான். ராத்திரி பூரா முழிச்சு இப்பதான் பாப்பாவ தூங்க வெச்சேன், ஒரே நொடில எழுந்து வீல்னு அழுவுறா

நான்: சாரிக்கா. சூடாகட்டும்னு விட்டிருந்தேன், இதோ கிளம்பிட்டேன்

அக்கா: சூடாக பத்து நிமிஷமா? ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது, தொட்டில்ல கைய வெச்சா அதுவும் அதிருது

அம்மா: இவன் கார் வாங்கல, இடிய வாங்கிட்டு வந்து வாசல்ல கட்டி வெச்சிருக்கான்

நான்: அம்மா ஹாட் ராட்னா, பழைய காருக்கு பெரிய இஞ்சின் போட்டதுன்னா, அப்படித்தாம்மா இருக்கும். 350 கன இஞ்ச் வி8, எட்டு சிலிண்டர், மொபெட் எல்லாம் கிடையாது

அம்மா: எட்டோ பத்தோ, பச்ச புள்ள இருக்குற வீடு இது

மச்சான்: மாப்ள ஒண்ணு கேக்குறேன், உனக்கே ஓட்ட முடியுதா? போன வாரம் உன்கூட அரை மணி நேரம் வந்தேன், எறங்கினப்புறமும் காதுக்குள்ள ம்ம்ம்ம்னு ஓடிட்டே இருந்துச்சு

நான்: உண்மைய சொல்லணும்னா கஷ்டமாத்தான் இருக்கு மச்சான். மெதுவா போறப்ப ஒண்ணும் தெரியல, இஞ்சின் 1800 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 1800 சுத்து, வந்தா கரெக்டா ஒரு ட்ரோன் வருது, 2200 தாண்டினா போயிடுது. நான் நார்மலா போற ஸ்பீடே அந்த 1800லதான் வருது, அதான் தலைவலி

அம்மா: ட்ரோனா? அது வேறயா? எங்கடா பறக்க விடப் போற

தங்கச்சி: 😂😂 பெரியம்மா அது பறக்குறது இல்ல, ஒரே சுருதில மண்டைக்குள்ள ஊதுற சத்தம்

நான்: ஆன்லைன்ல பெரிய மஃப்ளர், அதான் சைலன்சர், ரெண்டு பாத்து வெச்சிருக்கேன், இன்னைக்கே ஆர்டர் போட்டுடறேன். எல்லாம் சரியாயிடும்

பெரியப்பா: டேய் நிறுத்து. ஆர்டர் போடாத

பெரியப்பா: இப்பதான் எல்லா மெசேஜும் படிச்சேன். தம்பி நீ சொல்றது ஒரு வியாதி, உங்க அக்கா சொல்றது வேற வியாதி. ரெண்டுக்கும் ஒரே மாத்திரை கிடையாது. வெளிய இருக்குறவனுக்கு தொந்தரவு ஸ்டார்ட் பண்றப்பவும் சோக்ல ஓடுறப்பவும். உள்ள இருக்குறவனுக்கு தொந்தரவு ஒரே ஸ்பீடுல போறப்ப. முதல்ல எங்க இருந்து சத்தம் வருதுன்னு பாரு, அப்புறம் காச செலவு பண்ணு. இப்ப என்ன மஃப்ளர் போட்டிருக்க, பைப் எங்க முடியுது, ஹெட்டர் பக்கம், அதான் இஞ்சின்ல இருந்து புகைய வெளிய கொண்டு வர குழாய் பக்கம், டிக் டிக்னு கேக்குதா?

நான்: 12 இஞ்ச் கிளாஸ்பேக் டைப் மஃப்ளர் பெரியப்பா, பக்கத்துக்கு ஒண்ணு. வாங்குறப்பவே இருந்துச்சு. பைப் பின் ஆக்ஸிலுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது, கீழ பாத்து வெட்டி விட்டிருக்காங்க. டிக் டிக்னு காலைல கேக்கும், அது வால்வு சத்தம்தானே

பெரியப்பா: சூடானதும் கொறையுதா?

நான்: ஆமா

பெரியப்பா: அப்ப முதல்ல கேஸ்கெட்டத்தான் சந்தேகப்படு, ஹெட்டர் இஞ்சினோட சேர்ற இடத்துல சந்த அடைக்கிறது. இரும்பு சூட்டுல விரியும், சந்து மூடிக்கும், சத்தம் அடங்கும். ஆறினா மறுபடி தொறந்துக்கும். மஃப்ளருக்கு முன்னாடியே லீக் ஆகுற புகைக்கு உன் மஃப்ளர் என்ன பண்ணும்? பால் பொங்கி வெளிய ஊத்துறப்ப மூடிய மாத்துற கதை

பெரியப்பா: இன்னொண்ணு, இத சிரிக்காம கேளு. பைப் வண்டிக்கு அடிலயே முடியுதுன்னா புகை தரைல இருக்குற ஓட்டை வழியா உள்ள ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஓட்டினா தலைவலின்னு சொன்னியே, அது சத்தத்தால மட்டும்தான்னு எப்படி சொல்ற? பைப்ப மாத்துற வரைக்கும் அந்த வண்டிய எடுக்காத. பாப்பாவ அதுல ஏத்தவே கூடாது

அக்கா: நான் ஏத்தவே மாட்டேன் பெரியப்பா

நான்: சரி பெரியப்பா. திரும்பி வந்து நிறுத்திடறேன்

பெரியப்பா: கண்ணாடிய முழுசா எறக்கி விட்டுட்டு வா

சனி, மதியம் 3:20

நான்: லீக் எப்படி கண்டுபிடிக்கறது

பெரியப்பா: இஞ்சின் ஆறினப்புறம், ஆஃப்ல, டெயில் பைப்புக்குள்ள வேக்கம் கிளீனர திருப்பி காத்து ஊதற மாதிரி வை. சுத்தி துணிய சொருகிக்கோ. ஜாயிண்ட்ல எல்லாம் சோப்புத் தண்ணி அடி. எங்க நுரை கட்டுதோ அங்கதான்

அம்மா: எந்த வேக்கம் கிளீனர்?

அம்மா: டேய் என் வேக்கம் கிளீனரா

நான்: போட்டோ

நான்: பாருங்க!! டிரைவர் சைடு மூணாவது போர்ட், சிலிண்டர்ல இருந்து புகை வர வாய். திராட்சக் கொத்து மாதிரி நுரை வந்துட்டே இருக்கு, கீழ ஃபிளாஞ்ச் ஓரத்துல கரி கோடு கோடா படிஞ்சிருக்கு. போல்ட்ட கை விரலாலயே கால் சுத்து திருக முடியுது பெரியப்பா, ஸ்பேனரே வேணாம்

மச்சான்: அடப்பாவி. இத்தன நாளா அப்படியேதான் ஓட்டுனியா

தங்கச்சி: அண்ணா கால விட்டா பட்படபட்னு வெடிக்குமே, நீங்க ரேஸ் கார் மாதிரி இருக்குன்னு சந்தோஷப்படுவீங்களே, அதுவும் இதனாலயா?

பெரியப்பா: பாதிக்கு மேல இதனாலதான் இருக்கும். கால விட்டா சந்து வழியா வெளிக்காத்த உள்ள இழுக்கும், பைப்ல எரியாத பெட்ரோல் இருக்கும், ரெண்டும் சேந்து சூட்டுல வெடிக்கும்

பெரியப்பா: இப்ப மஃப்ளர பாரு. ஒரு பக்கத்துல இருந்து டார்ச் அடி

நான்: நேரா வெளிச்சம் அந்தப் பக்கம் வருது. நடுவுல ஓட்டை போட்ட குழாய் தெரியுது. மேல விரலால தட்டினா காலி டப்பா மாதிரி டங் டங்னு இருக்கு

பெரியப்பா: நேரா தெரியறது பரவால்ல, அந்த டைப்பே அப்படித்தான். குழாய சுத்தி கிளாஸ் வூல் அடச்சிருப்பான், ஓட்டை வழியா போற சத்தத்த அது குடிச்சிடும். காலப்போக்குல அந்த வூல் கருகி புகையோட வெளிய போயிடும். டங்னு கேட்டா உள்ள ஒண்ணுமில்லன்னு அர்த்தம். நீ ஓட்டறது மஃப்ளர் இல்ல, வெறும் தகர உருளை

பெரியப்பா: துப்பாக்கிக்கு சைலன்சர் கண்டுபிடிச்சு 1909ல பேட்டன்ட் வாங்கின ஹிராம் பெர்சி மாக்சிம், அந்தாளே இஞ்சினுக்கும் சைலன்சர் பண்ணவர். அவங்கப்பா யாருன்னு தெரியுமா? மெஷின் கன் கண்டுபிடிச்சவர். அந்த சத்தத்துல அவருக்கு காதே போச்சு

அக்கா: அப்பா கன் பண்ணாரு புள்ள சைலன்சர் பண்ணாரு. நம்ம வீட்ல எல்லாம் தலைகீழ்

நான்: செலவு கூடுது, ஒரு பக்கம் மட்டும் இப்ப மாத்திட்டு இன்னொண்ணு அடுத்த மாசம் பண்ணட்டா? பாதி சத்தம் கொறையும்ல

தங்கச்சி: கொறையாது அண்ணா. ரெண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம்னா ஒண்ண மொத்தமா மூடினாலும் 3 டெசிபல்தான் எறங்கும். காதுக்கு பாதியா தெரியணும்னா 10 டெசிபலாவது எறங்கணும். நீங்க மாத்தின மாதிரியே இருக்காது

நான்: இது என்ன கணக்கு டீ அநியாயமா இருக்கு

மச்சான்: சரி நான் ஞாயித்துக்கிழமை வெல்டிங் செட் எடுத்துட்டு வரேன் மாப்ள. பைப் என்ன சைஸ் இப்ப?

நான்: 3 இஞ்ச்

மச்சான்: உன் இஞ்சினுக்கு எதுக்கு 3 இஞ்ச்? ரெண்டு பைப் தனித்தனியா போறப்ப ரெண்டரை தாராளம், ரெண்டே காலே போதும்னு சொல்றவங்க இருக்காங்க. பெரிய பைப்னா சத்தம் வெளிய வர வழியும் பெருசு. ஓவல் மஃப்ளர், எவ்ளோ நீளமா கீழ அடங்குமோ அவ்ளோ நீளம். பைப்ப ஆக்ஸிலுக்கு மேல வளைச்சு பின் பம்பர் தாண்டி கொண்டு போவோம். கடைசில சின்னதா ரெசனேட்டர் ஒண்ணு, மிச்ச சத்தத்த அடக்குறதுக்கு

மச்சான்: நடுவுல ரெண்டு பைப்பையும் ஒரு குறுக்கு பைப் போட்டு சேத்துடலாம், ஹெச் மாதிரி. இந்த மாதிரி வி8ல ஒரு பக்க பேங்க்ல, அதாவது ஒரு பக்க நாலு சிலிண்டர் வரிசைல, வெடிக்கற இடைவெளி ஒரே சீரா இருக்காது, அதான் அந்த லொட லொட சத்தமே. ரெண்டு பக்கமும் கலந்தா கொஞ்சம் சமாதானமாயிடும். சத்தமே இல்லாம பண்ண மாட்டேன் பயப்படாத, அது இல்லன்னா அது ஹாட் ராடே இல்ல

நான்: 🙏🙏 அதத்தான் சொல்ல பயந்துட்டிருந்தேன்

அம்மா: பயப்படு

ஞாயிறு, இரவு 8:05

மச்சான்: கேஸ்கெட் மாத்தி, மஃப்ளர், ஹெச், டெயில் பைப் எல்லாம் முடிஞ்சுது. பைப்ப கம்பி ஹேங்கர் வெச்சு நேரா சேஸிஸ்ல வெல்ட் பண்ணி வெச்சிருந்தான் எவனோ, அத அறுத்து போட்டுட்டு ரப்பர் போட்டேன். பைப் ஆடுற ஆட்டம் எல்லாம் தரை வழியா சீட்டுக்கு வந்துட்டிருந்துச்சு. ஒரு இடத்துல சேஸிஸ்ல குறுக்க போற கிராஸ் மெம்பர்ல உரசி பளபளன்னு தேஞ்சே போயிருந்துச்சு

பெரியப்பா: ஐடில்ல, வண்டி நின்னு இஞ்சின் மட்டும் ஓடுறப்ப, ஹெட்டர் சிவக்குதா?

நான்: ராத்திரில லேசா சிவப்பா தெரியும்

பெரியப்பா: டைமிங், ஸ்பார்க் எப்ப அடிக்குதுன்னு, பாத்தியா

மச்சான்: பாத்தேன் பெரியப்பா, பிஸ்டன் உச்சிக்கு வர 4 டிகிரி முன்னாடிதான் ஸ்பார்க் இருந்துச்சு. 10 வெச்சிருக்கேன், இஞ்சின் தட்டல. சோக் ஐடிலும் 1800ல இருந்துச்சு, 1200க்கு எறக்கிட்டேன்

பெரியப்பா: அதான். லேட்டா பத்தினா வால்வு தொறக்கறப்பவும் எரிஞ்சிட்டே இருக்கும், அந்த சூடும் சத்தமும் பைப்புக்குத்தான் வரும். இனிமே பத்து நிமிஷம் நிக்க வெச்சு சூடு பண்ணாத தம்பி. ஒரு நிமிஷம் போதும், மெதுவா ஓட்டிட்டே சூடு பண்ணு

நான்: போன்ல சத்தத்த அளந்து பாத்தேன். தங்கச்சி சொன்ன மாதிரி பைப் வாய்ல இருந்து அரை மீட்டர், 45 டிகிரி சாய்ச்சு, ரெண்டு தடவையும் ஒரே ஆர்பிஎம். முன்னாடி 103 டெசிபல், இப்ப 91

தங்கச்சி: போன் மைக்க நம்பி நம்பர சொல்லிக்காதீங்க, வித்தியாசத்த மட்டும் பாருங்க. 12 எறங்கியிருக்கு, நல்லாவே தெரியுமே

நான்: வெளிய சூப்பர். உள்ள அந்த 1800 ட்ரோன் கொறஞ்சிருக்கு, ஆனா இருக்கு. இப்ப மத்த சத்தமெல்லாம் போனதால அது மட்டும் தனியா கேக்குது, இன்னும் எரிச்சலா இருக்கு

தங்கச்சி: எட்டு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். அப்ப ஒரு சுத்துக்கு நாலு வெடி. 1800 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 7200, செகண்டுக்கு 120. ட்ரோன் 120 ஹெர்ட்ஸ். பைப்புக்குள்ள காத்து சூடா இருக்குறதால சத்தம் வேகமா போகும், 300 டிகிரி செல்சியஸ்னா கிட்டத்தட்ட செகண்டுக்கு 480 மீட்டர். அலை நீளம் 4 மீட்டர், அதுல கால்வாசி 1 மீட்டர். ஒரு முனை மூடின 1 மீட்டர் பைப்ப பக்கவாட்டுல கிளை மாதிரி ஒட்டுங்க. அதுக்குள்ள போயிட்டு திரும்பி வர அலை சரியா எதிர் மாதிரி வந்து நிக்கும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும்

அம்மா: இதுக்குத்தான் இவள படிக்க வெச்சாங்க போல

மச்சான்: ஜே பைப்னு சொல்லுவோம். செஞ்சிடலாம். ஆனா சூடு எவ்ளோன்னு சரியா தெரியாதுல்ல, அதனால 10 செ.மீ. நீளமாவே வெட்டி, மூடிய உள்ள நகத்தற மாதிரி வெச்சு, ஓட்டிப் பாத்து செட்டானப்புறம் வெல்ட் பண்ணிக்கலாம். ரெண்டு பக்கமும் வேணும்

வியாழன், காலை 6:40

அக்கா: இன்னைக்கு வண்டி எடுக்கலயா

நான்: எடுத்துட்டு வந்து அரை மணி நேரம் ஆச்சே

அக்கா: நிஜமாவா. பாப்பா பொரண்டு கூட படுக்கல

நான்: ஜே பைப் 96 செ.மீ.ல செட்டாச்சு. 1800ல பாட்டு கேக்க முடியுது. தரைக்கு அதிர்வு அடக்குற பியூட்டைல் ஷீட் கூட ஒட்டலாம்னு பாக்குறேன்

பெரியப்பா: அது அப்புறம் ஒட்டிக்கலாம், அது உள்ள இருக்குறவனுக்கு மட்டும்தான். முதல்ல தரைல இருக்குற ஓட்டைய எல்லாம் அட

அம்மா: நேத்து நீ வந்து கேட்டுக்கு வெளிய அஞ்சு நிமிஷம் நின்னியாமே. எனக்கு எப்படி தெரியும், முன்ன தெருமுனைல வர்றப்பவே போய் தொறந்துடுவேன். இனிமே ஹாரன் அடி

அக்கா: ஹாரனா!! வேண்டாம்மா. போன் பண்ணட்டும்

பெரியப்பா: புது கேஸ்கெட் போட்டு எத்தன தடவ சூடாயி ஆறியிருக்கு?

நான்: நாலு அஞ்சு தடவ இருக்கும்

பெரியப்பா: போல்ட்ட மறுபடி டைட் பண்ணியா?

நான்: நாளைக்கு பண்றேன் பெரியப்பா

பெரியப்பா: நாளைக்கு இல்ல. சாயந்தரம் நல்லா ஆறினதும் பண்ணு, மூணாவது போர்ட்ட முதல்ல பாரு. பண்ணிட்டு இங்க போடு