எமர்ஜென்சியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய குழந்தையை மறுபடி எப்போது கூட்டிப் போவது?

கேள்வி:
சளி, மூச்சிரைப்பு என்று காட்டினால், "வைரல்தான், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு நாளில் அதிகமானால் திரும்பப் போவதா, காத்திருப்பதா? போனால் என்ன சொல்ல வேண்டும்?

பதில் 1:
தயங்கவே வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு வரும் பிராங்கியோலைட்டிஸ் (நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்களில் வரும் வைரல் தொற்று) பெரும்பாலும் 3 முதல் 5 நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் டாக்டர் சரியாகவே பார்த்திருந்தாலும் மூன்றாம் நாள் நிலைமை மாறலாம். சட்டையைக் கழற்றி, அழாமல் இருக்கும்போது முழுசாக 1 நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் 1 வயது வரை 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. அதைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். விலாவுக்குக் கீழே சதை உள்ளே இழுத்தாலோ, முனகினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலே போக வேண்டும்.

பதில் 2:
உள்ளே போனதும் முதல் வார்த்தையே, "இது இரண்டாவது தடவை. அன்றைக்கு இல்லாதது, இன்றைக்கு இது" என்று இருக்கட்டும். அந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் பழைய முடிவையே தொடர வாய்ப்பு அதிகம். பழைய சீட்டோடு மருந்து பாட்டிலையும் எடுத்துப் போங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராமும் உண்டு, 250-ம் உண்டு. "5 மில்லி கொடுத்தேன்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. கடைசி டோஸ் நேரம், எத்தனை மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்பதையும் குறித்து வையுங்கள்.

பதில் 3:
வாந்திக்காகத் திரும்ப வருகிறவர்களில் பலர் ஓஆர்எஸ்ஸை டம்ளரில் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள், பாவம். 1–2 நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக.