முன்சக்கர இயக்கப் பந்தயக் காருக்கு எந்த எல்எஸ்டி?

கேள்வி:
வணக்கம். 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட முன்சக்கர இயக்கக் காரைச் சுற்றுப்பாதைப் பந்தயத்துக்குத் தயார் செய்து வருகிறேன். இறுக்கமான வளைவுகளிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், உட்புற முன்சக்கரம் புகை கக்கிக்கொண்டு வீணாகச் சுழல்கிறது. இதைத் தடுக்க எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல், பொருத்த நினைக்கிறேன். பற்சக்கரங்களால் இயங்கும் ஹெலிக்கல், உராய்வுத் தட்டுகளால் இயங்கும் பிளேட் ஆகிய இரு வகைகளில் எதைப் பொருத்துவது? கியர்பாக்ஸை அடிக்கடி இறக்கிப் பிரிக்க எனக்கு வசதியில்லை.

மறுமொழி 1:
உங்கள் கடைசி வரியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஹெலிக்கலில் தேய்ந்து மாற்ற வேண்டிய பிளேட்டுகள் கிடையாது. இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் வேலை படிப்படியாக நடப்பதால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்குவதும் குறைவு. ஆனால் அதன் அடிப்படைக் குறையை அறிந்தே வாங்குங்கள். பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்கும் டார்க்கை, அதாவது முறுக்குவிசையை, பெருக்கித்தான் மற்றதற்கு அது அனுப்புகிறது. இந்தப் பெருக்கு விகிதம் 2.5 என்றால், உட்சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்கும்போது வெளிச்சக்கரத்துக்கு 250 வரை போகும். உட்சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலோ, பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆகவே முதலில், சுழலும் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே என்றாலும், ஓரக்கற்களின் மேல் ஏறி ஓட்டும் பழக்கம் இருந்தால் நான் பிளேட் வகையையே சொல்வேன். பிரீலோட் (பிளேட்டுகளை எப்போதும் அழுத்தி வைத்திருக்கும் விசை) இருப்பதால் சக்கரம் தூக்கினாலும் ஓரளவு இழுவை மிஞ்சும். ராம்ப் கோணத்தையும் (பிளேட்டுகளை அழுத்தும் சாய்வுப் பரப்பின் கோணம்) மாற்றிக்கொள்ளலாம்: ஆக்சிலரேட்டர் பக்கம் 45 டிகிரியும், விடும் பக்கம் 80 டிகிரியும் வைத்தால், அழுத்தும்போது நன்கு பூட்டி, விடும்போது ஏறக்குறைய விட்டுக்கொடுக்கும். பின்சக்கர இயக்கக் காரிலிருந்து கழற்றிய டூ-வே அமைப்பை (ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் பூட்டுவது) அப்படியே முன்னால் வைக்க நினைக்காதீர்கள். வளைவுக்குள் நுழையும்போதே கார் நேராக ஓடப் பார்க்கும். பிரீலோடை அதிகமாக ஏற்றினாலும் இதே தொல்லைதான். பராமரிப்பு உண்டு, மறுக்கவில்லை. எல்எஸ்டிக்கு உரிய ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிவது வழக்கம், ஆனால் விரலில் நெருடும் துணுக்குகள் தென்பட்டால் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முன்சக்கரத்தை நோக்கிக் கேமராவைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் தரையை விட்டு எழவில்லை. ஓரக்கல்லில் மட்டும் ஒரு கணம் துள்ளுகிறது.

மறுமொழி 1:
அப்படியானால் ஹெலிக்கல் போதும். அந்த ஒரு கணத்துக்கு, ஆக்சிலரேட்டரை விடாமல் இடக்காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். துள்ளும் சக்கரத்துக்கு அந்த எதிர்ப்பே பெருக்குவதற்கான டார்க்கைத் தந்துவிடும். பின்புற ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) சற்றுக் கடினமாக்கினால், உட்புறப் பின்சக்கரம் எழுந்து, உட்புற முன்சக்கரத்தில் பாரம் மிஞ்சும். அதைப் பணம் செலவழிப்பதற்கு முன்பே செய்து பார்த்துவிடலாம்.