பிரேக் ஆயில் மாத்தறப்போ முதல்ல எந்தச் சக்கரம்?

பர்லியாறு வண்டிக்காரன்:
நேத்து ராத்திரி ஒருத்தர் இங்க எழுதியிருந்தாரு, வீட்லயே பிரேக் ஆயில் மாத்திட்டேன், பின் வலது சக்கரத்துல ஆரம்பிச்சு நாலையும் முடிச்சேன், வீடியோ பாத்தாலே போதும்னு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. அந்த வீடியோ அமெரிக்காக்காரன் போட்டது, பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமா இருக்கற சக்கரத்துலதான் ஆரம்பிக்கணும். அவனுக்கு ஸ்டீயரிங் இடது பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் இடது பக்கம், அதனால அவனுக்குத் தூரம் பின் வலது. நமக்கு எல்லாம் வலது பக்கம், நமக்குத் தூரம் பின் இடது. பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது, இதுதான் வரிசை. குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, நடுவுல பெடல் பஞ்சு மாதிரி உள்ள போனா வீடியோக்காரனா வந்து வண்டிய நிறுத்துவான்?

கேத்தி காரட்:
அந்த ஒருத்தர் நான்தான், நேரா என்கிட்டயே கேட்டிருக்கலாம். பழைய ஆயில் டீ டிக்காஷன் மாதிரி வந்துச்சு, தேன் கலர்ல புதுசு வர்ற வரைக்கும் விட்டேன், குமிழி ஒண்ணுகூட இல்ல, பெடல் கல்லு மாதிரி நிக்குது. நாலுலயும் புது ஆயில் வந்தாச்சு, அப்புறம் எதுல ஆரம்பிச்சா என்ன?

பர்லியாறு வண்டிக்காரன்:
எதுல ஆரம்பிச்சா என்னவா? நீளமான பைப்லதான் பழைய ஆயில் ஜாஸ்தி நிக்கும், அதை முதல்ல தள்ளணும். 22 வருஷமா இந்த ரோட்டுல டாக்சி ஓட்றேன். பின் இடது.

கோத்தகிரி அக்கா:
தூரம்னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க, கண்ணுக்குத் தெரியற தூரமா, பைப் போற தூரமா? நிறைய கார்ல பிரேக் பைப் லைன் குறுக்கால பிரிச்சிருக்கும், முன் வலதும் பின் இடதும் ஒண்ணு, முன் இடதும் பின் வலதும் ஒண்ணு. சில கம்பெனி மேனுவல்ல முன் சக்கரத்துலயே ஆரம்பிக்கச் சொல்றாங்க. வண்டி மேனுவல்ல என்ன இருக்கோ அதுதான் சரி. நானும் பையனும்தான் வருஷா வருஷம் மாத்தறோம், அவன் மிதிச்சுப் பிடிப்பான், நான் பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனர்ல சக்கரத்துக்கிட்ட ஆயில் வெளிய வர்ற நிப்பிளைத் திறந்து மூடுவேன், மூடிட்டேன்னு சொன்ன பிறகுதான் அவன் காலை எடுக்கணும். நடுவுல மாஸ்டர் சிலிண்டர் டப்பாவுல ஆயில் 'MIN'னு போட்ட கோட்டுக்குக் கீழ போகவே விடக்கூடாது. எந்தச் சக்கரம்கிறதை விட இந்த ரெண்டும்தான் முக்கியம்.

பர்லியாறு வண்டிக்காரன்:
மேனுவல் எழுதினவன் கல்லட்டி மலை ரோடு இறங்கியிருக்கானாக்கா? 36 வளைவு. பின் இடது.

ஊட்டி பட்டறை:
ஆயில் எப்பக் கொதிக்கும்னு யாருக்காவது தோணுச்சா? டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசா இருந்தா 230 டிகிரி தாங்கணும், 3.7 சதவீதம் தண்ணி இழுத்துட்டா 155 தாங்கினாலே போதும்னுதான் கணக்கு. நம்மூர் பனிக்கும் மழைக்கும் மூடி திறந்த டப்பாவை ஆறு மாசம் பரண்ல வெச்சிருந்து ஊத்தறீங்க, அதுல சக்கரம் எதுன்னு சண்டை. பழைய வண்டியில பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் சீல் கிழியும், அடியில ஒரு மரக்கட்டை வைங்க. சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து போயிடுச்சுன்னா, அதை வெளிய எடுக்க நிறைய வண்டிக்கு ஸ்கேனர் வேணும். பட்டறைக்கு வந்துடுங்க.

கேத்தி காரட்:
பட்டறைக்கா? போன வருஷம் ஒரு கடையில டப்பாவுல மேல இருந்ததை மட்டும் உறிஞ்சிட்டு புதுசு ஊத்தி முழு காசு வாங்கினாங்க, நிப்பிள்ல தூசிகூடக் கலையல. அதனாலதான் நானே படுத்துச் செஞ்சேன்.

ஊட்டி பட்டறை:
ஒருத்தன் செஞ்சதுக்கு எல்லாரையும் சொல்லாதீங்க. கை எல்லாம் வெந்து வேலை செய்யறோம்.

பர்லியாறு வண்டிக்காரன்:
கேத்தி தம்பி டயர் பேச்சுலயும் இப்படித்தான், முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு போட்டா போதும்னு நின்னாரு, நான் மறக்கல. ஏறின கியர்லயே இறங்குங்கன்னு சொன்னப்பவும் கேக்கல, டாப் கியர்ல இறங்கி பிரேக் டிரம்மைப் புகைய விட்டுட்டு ஆயிலைக் குறை சொல்றது.

கேத்தி காரட்:
நான் எப்பவும் ரெண்டாவது கியர்லதான் இறங்குவேன். டயர் என் காசு.

கோத்தகிரி அக்கா:
நான் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. தூரம்னா எந்தத் தூரம்?

பர்லியாறு வண்டிக்காரன்:
பின் இடதுதான் தூரம்.

கேத்தி காரட்:
சரி, வேற ஒண்ணு. இன்னிக்கு மறுபடி நிப்பிளை செக் பண்ணப்போ ஆயில் மட்கார்டுல சொட்டிடுச்சு, துணியால துடைச்சேன், பெயிண்ட் சுருங்கற மாதிரி இருக்கு.

ஊட்டி பட்டறை:
தேய்க்காதீங்க, தண்ணி ஊத்துங்க, நிறைய.

பர்லியாறு வண்டிக்காரன்:
ஆமா, முதல்ல தண்ணி ஊத்துங்க தம்பி. வண்டி காஞ்சதும் பின் இடதுல இருந்து மறுபடி ஆரம்பிங்க.