மாங்குளத்தில் இரண்டு லப்டொப், ஒரே பண்ணை: ஸ்டார்டியூ வேலி லானில் இணையவில்லை

பள்ளிக்கூட லீவுக்குச் சித்தியின் மகள் மாங்குளம் வந்து நிற்கிறாள். இருவரும் ஒரே பண்ணையில் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை வீடியோ கேமை விளையாட ஆசைப்படுகிறோம். அவளுக்கு மீன்பிடியும் ஊர்ச்சனத்தோடு கதைப்பதும் போதும், தோட்டம் என் பொறுப்பு. ஆனால் அவளால் என் பண்ணைக்குள் வரவே முடியவில்லை.

இரண்டுமே விண்டோஸ் 11, இருவரிடமும் சொந்தமாக வாங்கிய 1.6 பதிப்பு. வீட்டில் ரௌட்டர் இல்லை, என் அன்ட்ரொயிட் போனின் ஹொட்ஸ்பொட்தான். இங்கே சிக்னல் விட்டு விட்டு வருவதால்தான் இன்ரர்நெட் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே லப்டொப்புகளை இணைக்கும் லான் வழியைப் பிடித்தோம்.

விளையாட்டில் வரும் தச்சர் ரொபினிடம் சொல்லி அவளுக்குக் குடிசை கட்டியாயிற்று. நான் கோ-ஒப்பில் (சேர்ந்து விளையாடும் பகுதி) பண்ணையைத் திறந்து வைக்க, அவள் என் ஐபி முகவரியை அடித்தால் நெடுநேரம் இணைகிற மாதிரிக் காட்டிவிட்டு, முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. ஃபயர்வோலில் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு) விளையாட்டுக்கான யுடிபி 24642 போர்ட்டைத் திறந்தேன். அப்புறம் ஃபயர்வோலையே சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தேன். நெட்வேர்க்கைப் பிரைவேட் என்றும் மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. ஃபயர்வோல் நிறுத்தியிருந்தபோதும் ஒரு லப்டொப்பிலிருந்து மற்றதுக்குப் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை, ஆனால் இரண்டிலும் இன்ரர்நெட் வேலை செய்கிறது. அதனால் ஹொட்ஸ்பொட்தான் இரண்டையும் பிரித்து வைக்கிறது என்று நினைக்கிறேன்.

லீவு முடிந்து அவள் யாழ்ப்பாணம் திரும்புவதற்குள் விளையாட்டில் வரும் முதல் வசந்தத்தின் 28 நாட்களையாவது சேர்ந்து விளையாட வேண்டும். என்னிடம் ஒரு லான் கேபிள் இருக்கிறது. இரண்டு லப்டொப்பையும் அதனால் நேரடியாக இணைத்தால், எதில் எந்த ஐபி முகவரியைக் கொடுக்க வேண்டும்?