நேயர் எண்ணிக்கை இருக்கையில் வானொலிக்கு ஆண்டு விருதுகள் எதற்கு?

கேள்வி

பிரிட்டனின் வானொலி விருதுகளைப் பற்றிப் படித்து வருகிறேன். 1983-இல் தொடங்கி, நெடுங்காலம் சோனி நிறுவனத்தின் பெயராலேயே அறியப்பட்ட அவ்விருதுகள் 2015-இல் நடைபெறாமல் நின்று, 2016-இல் 'ஆரியாஸ்' என்ற பெயரில் மீண்டும் வந்திருக்கின்றன. அதே நாட்டில் ரேஜார் என்னும் அமைப்பு, எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்துக் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. மக்கள் விரும்பிக் கேட்பது எது என்பது அதிலேயே தெரிந்துவிடும்போது, நடுவர் குழு ஒன்று தனியே அமர்ந்து சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை என்ன? நடுவர்கள் உண்மையில் எதைக் கேட்டு முடிவுக்கு வருகிறார்கள்?

மறுமொழி 1

ரேஜார் கணக்கில் ஒரு வாரத்தில் ஐந்து நிமிடம் கேட்டவரும் நேயர்தான். ஒரு நாடகத்தை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு முழுமையாகக் கேட்டவரும் நேயர்தான். விளம்பரதாரருக்கு இந்தக் கணக்கு இன்றியமையாதது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பிபிசியின் 6 மியூசிக் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். 2002-இல் டிஜிட்டல் ஒலிபரப்புக்கென்றே தொடங்கப்பட்ட அதை மூடிவிடலாம் என்று 2010 மார்ச்சில் பிபிசி நிர்வாகமே முன்மொழிந்தது. நேயர்களும் இசைக்கலைஞர்களும் திரண்டு எதிர்த்தார்கள். அவ்வாண்டு ஜூலையில், பிபிசியை அப்போது மேற்பார்வையிட்டு வந்த பிபிசி அறக்கட்டளை அந்தத் திட்டத்தை ஏற்க மறுத்தது. அந்த நிலையம்தான் 2012-இல் சோனி விருதுகளில் பிரிட்டனின் ஆண்டின் சிறந்த நிலையமாகத் தேர்வு பெற்றது. ரேடியோ 2 போன்ற பெரிய நிலையங்களோடு எண்ணிக்கையில் அது போட்டியிடவே முடியாது. எதிர்ப்பியக்கத்தால் அதன் நேயர்கள் பெருகினார்கள் என்பதும் உண்மைதான்; ஆயினும் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த விருது அதற்குக் கிடைத்திருக்காது.

மறுமொழி 2

ஒலித்தொகுப்பில் பணியாற்றியவன் என்ற முறையில், உங்கள் இரண்டாம் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். பெரும்பாலான போட்டிகளில் நடுவர்கள் நிகழ்ச்சியை முழுமையாகக் கேட்பதில்லை. நிலையம் அனுப்பும் சில நிமிடத் தொகுப்பும், அதனுடன் இணைத்த எழுத்து விளக்கமும்தான் அவர்கள் முன் இருக்கும். மூன்று மணி நேரக் காலை நிகழ்ச்சியில் பாடல்களை நீக்கி, அறிவிப்பாளரின் பேச்சை மட்டும் கோத்து, சிரிப்பும் கண்ணீரும் வரும் இடங்களை அடுத்தடுத்து வைத்து அந்தத் தொகுப்பைச் செய்வோம். இதில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. தன் துயரத்தைச் சொல்லி முடித்த ஒரு நேயருக்கு உடனே ஆறுதல் சொல்லிவிடாமல், நான்கு வினாடி பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரே ஒரு சிறு கேள்வியைக் கேட்கும் அறிவிப்பாளரின் தேர்ச்சி, நேரம் போதவில்லை என்று அந்த நான்கு வினாடியை வெட்டும்போது காணாமல் போய்விடுகிறது. நடுவரின் காதில் விழுவது ஒரு சாதாரண உரையாடல் மட்டுமே.

உரைச்சித்திரமும் வானொலி நாடகமும் இந்த வகையில் பேறு பெற்றவை. முழுப் படைப்பாகவே அவற்றை அனுப்ப முடிவதால், விருதுகளின் தீர்ப்பை அந்தப் பிரிவுகளில்தான் நான் மிகுதியும் நம்புகிறேன்.

மறுமொழி 3

பிரிவுகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். நான்கு பேர் வேலை செய்யும் சிற்றூர் நிலையத்தைத் தலைநகரின் பெருநிலையத்துக்கு எதிரே நிறுத்துவது நியாயமாகாது. அமெரிக்காவில் தேசிய ஒலிபரப்பாளர் சங்கம் 1989 முதல் வழங்கிவரும் மார்க்கோனி விருதுகளில், சந்தையின் அளவைப் பொறுத்து, அதாவது நிலையம் ஒலிபரப்பும் பகுதியின் மக்கள்தொகையைப் பொறுத்து, நிலையங்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் ஆண்டின் சிறந்த நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வணிக வானொலி விருதுகளிலும் பெருநகரம், மாகாண நகரம், நாட்டுப்புறம் என்ற பகுப்பு உண்டு. ஆனால் பெயருக்கேற்ப அது வணிக நிலையங்களுக்கு மட்டுமானது என்பதால், பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி அதற்குள் வராது. பிரிட்டனில் பிபிசியும் வணிக நிலையங்களும் ஒரே மேடையில் போட்டியிடுவதைத்தான் அந்த விருதுகளின் பெரும் பலமாக நான் கருதுகிறேன்.

பலவீனம் பணத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆதரவளித்த சோனி 2013-இல் விலகிக்கொண்டது. 2014-இல் விழா, அவ்விருதுகளை நடத்திவந்த வானொலிக் கழகத்தின் பெயரில் நடந்தது. அதற்கடுத்த ஆண்டு விழாவே இல்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வெட்டி ஒட்டிய தொகுப்பு ஏமாற்றக்கூடும் என்றால், நாள்தோறும் வரும் நிகழ்ச்சிகளை நியாயமாக மதிப்பிட வழியே இல்லையா?

மறுமொழி 2 எழுதியவர்

இருக்கிறது, ஆனால் நடுவர்களிடம் அதிக நேரம் கேட்கும் வழி அது. நிலையம் தேர்ந்தெடுக்கும் தொகுப்போடு, நடுவர்கள் தாங்களே குறிப்பிடும் ஏதோ ஒரு நாளின் ஒரு மணி நேர ஒலிபரப்பையும் பாடலோடும் விளம்பரத்தோடும் அப்படியே அனுப்பச் சொல்ல வேண்டும். எந்த நாள் என்பது முன்கூட்டியே தெரியக் கூடாது. எல்லா விண்ணப்பங்களுக்கும் இதைச் செய்வது இயலாத காரியம். இறுதிச் சுற்றுக்கு வரும் நான்கைந்து நிலையங்களுக்கு மட்டுமாவது செய்யலாம்.

மறுமொழி 1 எழுதியவர்

இதை ஏற்கிறேன். பெரிய செய்தி எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் அறிவிப்பாளர் என்ன செய்கிறார் என்பது அப்போதுதான் நடுவர்களுக்குத் தெரியவரும்.